லூசியானாவுக்குச் சாப்பிட வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூசியானாவின் லஃபாயெட் ஊரில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். ஹூஸ்டனிலிருந்து மூன்றரை மணி நேர ஓட்டம்தான் என்பதால், சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுமுறை கிடைத்தாலே யாராவது தமிழ் நண்பர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் எல்லோரும் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். இத்தனை வருடம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அமெரிக்கா முழுக்க பர்கரும் பீட்சாவும்தானே? லூசியானாவில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது?

சோறு இருக்கிறது. இதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். தெற்கு லூசியானாவில் மதியச் சாப்பாடு என்றால் தட்டில் சோறு, மேலே குழம்பு. கையேந்தி பவன் மாதிரியான சின்னச் சின்ன மதிய உணவுக் கடைகள் லஃபாயெட் முழுக்க உண்டு. அங்கே தினமும் தீர்ந்துபோகும் பண்டத்தின் பெயரே 'ரைஸ் அண்ட் கிரேவி'. கறியை அடிப்பிடிக்கிற அளவுக்குச் சுருள வறுத்து, வெங்காயம் போட்டு, தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கொதிக்கவைத்த கரும்பழுப்புக் குழம்பு. அதை வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். முதல் தடவை சாப்பிட்டபோது ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

இந்தச் சோறு இங்கே வந்த வழி வேதனையானது. பிரெஞ்சுக்காரர்கள் நியூ ஆர்லியன்ஸை நிறுவியது 1718ல். அடுத்த வருடமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் வந்தன. நெல் விதையையும் நெல் பயிரிடத் தெரிந்த ஆட்களையும் சேர்த்துக் கொண்டுவரும்படி கப்பல் தலைவர்களுக்கு உத்தரவு இருந்தது. சதுப்பு நிலத்தில் கோதுமை வராது, நெல் வரும். அதை வரவைத்த கைகள் செனகல், காம்பியா ஆற்றங்கரைகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களுடையவை. பிறகு ஸ்பெயின் ஆட்சி, 1803ல் அமெரிக்காவுக்கு விற்பனை, சிசிலிக்காரர்கள், ஜெர்மானியர்கள், குரோஷியர்கள், 1975க்குப் பிறகு வியட்நாமியர்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே சாக்டா முதலான பழங்குடிகள். ஒரு சட்டியில் இத்தனை பேர் கை வைத்த மாநிலம் அமெரிக்காவில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கேஜன், கிரியோல் என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் அகாடியா என்ற இடத்தில் பிரெஞ்சு பேசும் விவசாயிகள் இருந்தார்கள். 1755 முதல் பிரிட்டிஷார் அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்து, 1764-65 வாக்கில் லூசியானாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1785ல் ஏழு கப்பல்களில் சுமார் 1,600 பேர் வந்து சேர்ந்தார்கள். 'அகாடியன்' என்ற பெயர் வாய்வழக்கில் தேய்ந்து 'கேஜன்' ஆனது. ஆற்றோரமும் சதுப்பிலும் புல்வெளியிலும் குடியேறியவர்கள், அங்கே கிடைத்ததைச் சமைத்தார்கள். ஒரே சட்டி, நிறையச் சோறு.

கிரியோல் சமையல் நகரத்துச் சமையல். பிரெஞ்சு, ஸ்பானிய வீடுகளின் அடுக்களையில் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் உருவாக்கியது. வெண்ணெய், தக்காளி, துறைமுகத்தில் இறங்கிய மசாலா எல்லாம் இதில் வரும். ஜம்பலாயா என்ற கறிச்சோறு சிவப்பாக இருந்தால் கிரியோல், பழுப்பாக இருந்தால் கேஜன் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் 'கேஜன்' என்று பெயர் வைத்து நாடு முழுக்க விற்கிற மிளகாய்ப்பொடியை வைத்து இந்தச் சமையலை எடைபோடாதீர்கள்.

கம்போவும் நம்ம குழம்பும் ஒரே சொல்லா?

இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு செய்தி சுற்றுகிறது, எனக்கே நாலு பேர் அனுப்பியிருக்கிறார்கள். கம்போ என்பது இங்கே சோற்றின் மேல் ஊற்றும் கெட்டிக் குழம்பு. அந்தச் சொல் ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் 'கிங்கோம்போ' என்ற சொல்லிலிருந்து வந்தது. நம்ம குழம்பு தமிழ்ச் சொல். ஒலி ஒத்துப்போவது தற்செயல். வெண்டைக்காய் இரண்டு ஊருக்கும் சொந்தமாக இருப்பது மட்டும்தான் உண்மையான ஒற்றுமை.

கம்போவைப் புரிந்துகொள்ள, எண்ணெயில் மாவை வறுத்துச் செய்யும் 'ரூ'வைப் புரிந்துகொள்ள வேண்டும். என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். ஒரு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அடுப்புக்கு முன்னால் நிறுத்திவிட்டார். கனமான இரும்புச் சட்டி. ஒரு கப் எண்ணெய், ஒரு கப் மைதா. தட்டையான முனையுள்ள மரக் கரண்டி. "இனி நாற்பது நிமிடம் போன் எடுக்காதே, கதவு தட்டினாலும் போகாதே" என்றார். கிளறினேன். முதலில் ஈர மணல் நிறம். பதினைந்து நிமிடத்தில் வறுத்த நிலக்கடலை நிறம், வாசனையும் அதேதான். அப்புறம் பழைய செப்புக் காசு. அங்கே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், அவர் தலையாட்டவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் நிறம் வேகமாக ஓடுகிறது. கண்ணெடுத்தால் போச்சு. கறுத்த புள்ளி ஒன்று தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கத்தான் வேண்டும், கசப்பை எதுவும் மறைக்காது. சாக்லேட் நிறம் வந்ததும் நறுக்கிய வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் ஒரே வீச்சில் உள்ளே தள்ளினார். சட்டி இரைந்தது, ஆவி மேலே எழுந்தது, மாவு வேகம் அப்படியே அடங்கியது. இந்த மூன்று காய்களுக்கும் இங்கே 'ஹோலி டிரினிட்டி' என்று பெயர். நமக்குச் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் எப்படியோ அப்படி.

அதற்குப் பிறகு கோழியும் ஆண்டூயி என்ற புகையூட்டிய பன்றித் தொத்திறைச்சியும் போடலாம், அல்லது இறாலும் நண்டும் போடலாம். கெட்டிப்படுத்த மூன்று வழிகள்: ரூ, வெண்டைக்காய், ஃபீலே. ஃபீலே என்பது சாசஃப்ராஸ் மர இலையைக் காயவைத்து இடித்த பொடி, சாக்டா மக்களின் கொடை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும், கொதித்தால் நூல் நூலாக இழுக்கும். கிண்ணத்தில் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். எங்கள் பக்கம் உருளைக்கிழங்கு சாலடையும் ஒரு கரண்டி அதற்குள்ளேயே போட்டுவிடுவார்கள். தயங்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

வெண்டைக்காய் வழவழப்பு எனக்குப் பிடிக்காதே?

நாம் வழவழப்பைப் போக்க தயிர், புளி, நல்ல வதக்கல் என்று பாடுபடுகிறோம். இவர்கள் அந்த வழவழப்புக்காகவே வெண்டைக்காய் வாங்குகிறார்கள். நீண்ட நேரம் வேகும்போது அது இழை விட்டுப்போய்க் குழம்போடு கலந்து ஒரு மெத்தென்ற கனத்தை மட்டும் விட்டுச்செல்கிறது. கண்ணில் படாது.

கிராஃபிஷ் எப்படிச் சாப்பிடுவது? எந்த மாதம் கிடைக்கும்?

சிங்கி இறாலை விரலளவு சுருக்கினால் எப்படி இருக்குமோ அதுதான் கிராஃபிஷ். நன்னீரில் வாழ்வது. ஜனவரியில் தலைகாட்டும், மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் பெருத்தும் மலிந்தும் கிடைக்கும், ஜூனில் ஓடு தடித்து முடிந்துவிடும்.

இது விளையும் இடத்தைத்தான் தமிழர்கள் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். லஃபாயெட்டிலிருந்து மேற்கே கிரௌலி பக்கம் போனால் கண்ணுக்கெட்டியவரை நெல்வயல், தஞ்சாவூர் ரயில் ஜன்னல் மாதிரி. கிரௌலியில் 1937 முதல் அரிசித் திருவிழா நடக்கிறது. வசந்தத்தில் நெல் விதைக்கிறார்கள். ஜூன் வாக்கில், நாற்று நிற்கும்போதே கிராஃபிஷை வயலில் விடுகிறார்கள். தண்ணீரை வடித்ததும் அவை வளை தோண்டி மண்ணுக்குள் போய்விடும், அங்கேயே முட்டையிடும். கோடையில் அறுவடை முடிந்து, அக்டோபரில் மறுபடி தண்ணீர் கட்டினால் குஞ்சுகளோடு மேலே வரும். தாளடி அழுகி அவற்றுக்கு உணவாகிறது. பிறகு வயல் முழுக்கக் கம்பிக்கூடுகளை நட்டுவைத்து, பின்னால் சக்கரம் வைத்த தட்டைப் படகில் வரிசை வரிசையாகப் போய்ச் சேகரிக்கிறார்கள். ஒரே வயலில் நெல்லும் கறியும். 2023 கோடையில் கடும் வறட்சி வந்தபோது வளைக்குள்ளேயே பெரும்பாலானவை செத்துப்போய், 2024 பருவத்தில் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அந்த வருடம் நெல் விவசாயிகளின் முகம் வாடியதைப் பார்த்தேன், மழை பொய்த்த வருடத்து டெல்டா முகம்தான் அது.

வேகவைப்பது வீட்டு முற்றத்தில். சுமார் 15 கிலோ உயிர் கிராஃபிஷ் ஒரு மூட்டை. பெரிய அண்டாவில் தண்ணீர், உப்பு, எலுமிச்சை, மிளகாய்த்தூள், அதோடு ஒரு வலைப்பை மசாலா. அந்தப் பையைப் பிரித்துப் பார்த்தால் கடுகு, கொத்தமல்லி விதை, மிளகாய், பிரியாணி இலை, ஆல்ஸ்பைஸ்! உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், முழுப் பூண்டு எல்லாம் கூடவே வேகும். வெந்ததும் அடுப்பை அணைத்து ஊறவிட வேண்டும், காரம் ஏறுவது அந்த ஊறலில்தான். பிறகு நீளமேசையில் செய்தித்தாள் விரித்து அப்படியே கொட்டுவார்கள். தட்டு கிடையாது, எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள்.

தலையையும் வாலையும் இரண்டு கையில் பிடித்து முறுக்கி இழுங்கள். தலையை உறிஞ்சுங்கள், அதற்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பில்தான் ருசி. வாலின் முதல் வளையத்தை உரித்து, அடியைக் கிள்ளினால் சதை வந்துவிடும். நண்டு சாப்பிட்டுப் பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும். ஓட்டோடு எடை என்பதால் ஆளுக்கு இரண்டு கிலோ வரை ஆகும்.

கடையில் சாப்பிடுவதென்றால் ப்ரோ பிரிட்ஜ் ஊருக்குப் போங்கள். 'உலகக் கிராஃபிஷ் தலைநகரம்' என்று 1959ல் மாநிலச் சட்டசபை பெயர் கொடுத்த ஊர், மே மாதம் முதல் வாரக் கடைசியில் அங்கே திருவிழா. வெங்காயத்தோடு மூடிவைத்துச் சுண்டவைக்கும் 'எட்டுஃபே'வையும் அங்கே கேட்டு வாங்குங்கள்.

ரொம்பக் காரமா இருக்குமா?

நம்ம நாக்குக்கு இல்லை. கிராஃபிஷ் ஒன்று மட்டும் உதட்டை எரிக்கும். மற்றதெல்லாம் காரத்தைவிட ஆழம் தேடுகிற சமையல். மேசையில் சாஸ் புட்டி இருக்கும். டபாஸ்கோ இந்த மாநிலத்துப் பொருள்தான், ஏவரி ஐலண்டில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868ல் தொடங்கியது. அரைத்த மிளகாயை உப்போடு ஓக் பீப்பாயில் மூன்று வருடம் வரை புளிக்கவைக்கிறார்கள். ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம்.

நாங்கள் சைவம். என்ன சாப்பிடுவது?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம். பார்க்கக் காயாக இருப்பதற்குள் கறி இருக்கும். பீன்ஸுக்குள் பன்றித் தொடை எலும்பு, கீரைக்குள் பன்றிக்கொழுப்பு, சோற்றுக்குள் கோழி ஈரல். கம்போ ஸெர்ப் என்று ஒன்பது வகைக் கீரை போட்ட பச்சைக் கம்போ ஒன்று உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை விசேஷம். பெயரைக் கேட்டுச் சைவம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலும் அதிலும் தொத்திறைச்சி உண்டு. "மாமிசம் இருக்கிறதா" என்று கேட்டால் சிலர் மாட்டிறைச்சியை மட்டும் நினைத்துக்கொண்டு இல்லை என்பார்கள். "ஹாம், சாஸேஜ், கோழிச் சாறு எதுவும் சேர்த்திருக்கிறீர்களா" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பன்றி மட்டும் தவிர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் பிரச்சினையே இல்லை. தெற்கு லூசியானாவில் கத்தோலிக்கர்கள் அதிகம் என்பதால் ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பக்கத்து ஊர்களில் கறி இல்லாத சாப்பாடு கிடைக்கும்.

முழுச் சைவத்துக்கு: நியூ ஆர்லியன்ஸில் இப்போது சைவ உணவகங்கள் உண்டு, வியட்நாமியக் கடைகளில் டோஃபு உண்டு. சந்தையில் மெர்லிடன் என்று விற்பதைப் பார்த்தால் வாங்குங்கள், அது நம்ம சௌசௌ! இங்கே இறால் திணித்து நவம்பர் மாத நன்றி நவிலல் விருந்துக்குச் செய்கிறார்கள். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூட்டு வைக்கலாம். இனிப்பில் குறையே இல்லை: பெக்கான் பருப்பும் சர்க்கரையும் சேர்த்த பிரலீன், வெயில் காலத்தில் ஸ்னோபால். நியூ ஆர்லியன்ஸின் ஹேன்சன்ஸ் கடையில் 1939 முதல் பனிக்கட்டியைத் தூள்போலச் சீவித் தருகிறார்கள்.

திங்கட்கிழமை எங்கே போனாலும் ராஜ்மா சாதமா?

ஆமாம், கிட்டத்தட்ட. ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றி எலும்பையும் ஊறவைத்த சிவப்பு பீன்ஸையும் அடுப்பில் ஏற்றிவிட்டுத் துவைக்கப் போனால், துவைத்து முடிப்பதற்குள் பதமாகக் குழைந்திருக்கும். துவைக்க இயந்திரம் வந்துவிட்டது, திங்கட்கிழமை மாறவில்லை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களில் 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஒரு கரண்டி பீன்ஸைச் சட்டி ஓரத்தில் நசுக்கிவிட்டால் குழம்பு தானாகக் கெட்டியாகும், சாம்பாருக்குப் பருப்பைக் கடைவதுபோல.

பெட்ரோல் பங்கில் சாப்பிடச் சொல்கிறீர்களே, சரியாக இருக்குமா?

சரியாக மட்டுமல்ல, அங்கேதான் சாப்பிட வேண்டும். பூடான் என்பது சோறு, பன்றிக்கறி, ஈரல், வெங்காயத்தாள் எல்லாவற்றையும் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தது. லஃபாயெட்டை ஒட்டியுள்ள ஸ்காட் ஊரின் நெடுஞ்சாலைக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும் இதற்குப் பேர்போனவை. காலை ஏழு மணிக்கு வண்டி பானெட்டின் மேல் காகிதத்தை விரித்துவைத்து, தோலைக் கடித்து உள்ளே இருப்பதை வாயால் பிதுக்கிச் சாப்பிடுவார்கள். வறுத்த பன்றித்தோல் ஒரு பொட்டலமும் கூட வாங்குவார்கள்.

நியூ ஆர்லியன்ஸில் இரண்டே நாள். எங்கே போவது?

ஒரே ஓர் இடம்தான் முடியும் என்றால் ட்ரெமே பகுதியில் உள்ள டூக்கி சேஸ். 1941ல் திறந்தது. 1923ல் பிறந்து 2019ல் மறைந்த லீயா சேஸ் அம்மையார் கடைசிவரை அந்தச் சமையலறையில் இருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்காருவது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், மாடி அறையில் சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் கூடிப் பேசினார்கள், அவர் கீழிருந்து கம்போ அனுப்பினார். 2005 கத்ரீனா வெள்ளத்தில் கடை மூழ்கி, இரண்டு வருடத்துக்குப் பிறகு மீண்டும் திறந்தது. அங்கே உட்கார்ந்து சாப்பிடும்போது எனக்கு வேறு எந்தப் பெரிய உணவகமும் நினைவுக்கு வருவதில்லை.

பெரிய உணவகங்கள் வேண்டுமென்றால் ஆன்டுவான்ஸ் 1840ல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது, கலடுவார்ஸ் 1905ல் வந்தது. கலடுவார்ஸுக்கு இரவு விருந்துக்கு ஆண்கள் கோட்டு போட்டுக்கொண்டு போக வேண்டும். கமாண்டர்ஸ் பேலஸில் பால் ப்ரூடோம் தலைமைச் சமையல்காரராக இருந்தார். 1979ல் தனிக்கடை போட்டு அவர் பரப்பிய கருக்கிய ரெட்ஃபிஷ் நாடெங்கும் பித்துப்பிடிக்கவைத்தது. கடலில் அந்த மீனே அருகி, பிடிக்கத் தடை போடும் நிலை வந்தது.

இரண்டாவது நாள் மதியம் ஒரு போபாய் சாண்ட்விச் சாப்பிடுங்கள். 1929ல் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு டிராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாக ரொட்டியில் வைத்துக் கொடுத்தது இது. "இதோ இன்னொரு ஏழைப் பையன் ('பூர் பாய்') வருகிறான்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயரே நின்றுவிட்டது. பொரித்த இறால் வைத்தது என் தேர்வு. மேலோடு பொரிபொரியென்று நொறுங்க வேண்டும், உள்ளே பஞ்சாக இருக்க வேண்டும். "டிரெஸ்டு?" என்று கேட்பார்கள். லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் வைக்கவா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லுங்கள்.

காபி எப்படி?

இந்த விஷயத்தில் நீங்கள் சொந்த ஊருக்கு வந்த மாதிரிதான். இங்கே காபியில் சிக்கரி கலக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பழக்கம், உள்நாட்டுப் போரில் துறைமுகம் அடைபட்டுக் காபிக்கொட்டை வராமல் போனபோது இன்னும் ஊன்றிவிட்டது. பிரெஞ்சு மார்க்கெட் ஓரத்தில் 1862 முதல் இருக்கும் கஃபே டு மாண்டில் சூடான பாலோடு சரிபாதி கலந்து தருவார்கள். கூட மூன்று பென்யே வரும். சதுரமாகப் பொரித்த மாவின் மேல் மலைபோலச் சர்க்கரைத்தூள், மூச்சை இழுத்துக்கொண்டு கடித்தால் இருமல் வரும், கவனம். அவர்களுடைய மஞ்சள் டப்பாவை அமெரிக்கத் தமிழர் பலர் பித்தளை ஃபில்டரில் போட்டே குடிக்கிறார்கள். நானும்தான். டிகாக்‌ஷன் சட்டென்று இறங்கிவிடும், அதனால் ஒரு கரண்டி கூடவே போடுங்கள்.

அரிசியில் செய்த பலகாரம் ஏதாவது?

கலா. மிஞ்சின சோற்றை மசித்து, இரவெல்லாம் புளிக்கவைத்து, காலையில் மாவும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து உருட்டி எண்ணெயில் பொரித்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கறுப்பினப் பெண்கள் தலையில் கூடை வைத்து, "பெல் கலா, து ஷோ!" என்று கூவி விற்றார்கள். "நல்ல கலா, சுடச்சுட" என்று பொருள். ஸ்பெயின் ஆட்சியில் அடிமைகள் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை வாங்கச் சட்டம் இடம் கொடுத்தது. கலா விற்ற காசைச் சேர்த்துத் தங்களையும் பிள்ளைகளையும் மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். நம்ம ஊர் வாசலில் ஆப்பமும் பணியாரமும் சுட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை நினைக்காமல் என்னால் அதைச் சாப்பிட முடிவதில்லை. இப்போது சில உணவகங்களில் மட்டும்தான் கிடைக்கிறது. மெனுவில் பார்த்தால் விடாதீர்கள்.

இங்கே சாப்பிடும் இறால் எல்லாம் இங்கே பிடித்ததுதானே?

இல்லை, இதைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். அமெரிக்காவுக்கு அதிகமாக இறால் அனுப்பும் நாடு இந்தியா. ஆந்திரக் கரையோரக் குட்டைகளில் வளர்ந்த இறால், வளைகுடாக் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தட்டுக்கும் வரலாம். விலை குறைவு. உள்ளூர்ப் படகுக்காரருக்கு டீசல் காசுகூடத் தேறுவதில்லை. இறக்குமதி இறாலையும் கிராஃபிஷையும் பரிமாறும் உணவகம் அதை வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து அது இன்னும் கடுமையாகியிருக்கிறது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், படியுங்கள். இரண்டு கரையிலும் இருப்பவர்கள் பிழைப்புக்காகத்தான் இறால் விற்கிறார்கள், எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து சாப்பிடும்போது வளைகுடா இறாலைச் சாப்பிடுங்கள் என்றுதான் கேட்பேன். இனிப்பு கூடுதல், சதை உறுதி. மே மாதம் பழுப்பு இறால், ஆகஸ்டிலிருந்து வெள்ளை இறால்.

இன்னொரு காரணமும் உண்டு. 1930களிலிருந்து இன்றுவரை லூசியானாவின் கரையோர நிலம் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் கடலுக்குள் போய்விட்டது. மிசிசிப்பி ஆற்றுக்கு இருபுறமும் அணைகட்டியதால் வண்டல் பரவவில்லை, எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் புகுந்து புல்லைக் கொன்றது, புயல்கள் மீதியை அரித்தன. சிப்பியும் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அந்தச் சதுப்பில்தான். பரட்டாரியா வளைகுடாவில் மணிலா வில்லேஜ் என்று தூண்களின் மேல் ஒரு ஊரே இருந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் மரத்தளத்தில் இறாலைக் காயவைத்து, பாட்டோடு மிதித்து ஓடு நீக்கினார்கள். 1965ல் பெட்சி புயல் அதை அழித்தது. காய்ந்த இறால் இன்றும் இங்கே சின்னப் பொட்டலங்களில் விற்கிறது, கம்போவில் ஒரு பிடி போடுவார்கள். வாங்கிப்போய் முருங்கைக்காயோடு போட்டுப் பாருங்கள்.

கிங் கேக் என்றால்?

ஜனவரி 6 முதல், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாளான மார்டி கிரா செவ்வாய்க்கிழமை வரை ஊதா, பச்சை, தங்க நிறச் சர்க்கரை தூவி விற்கும் வளைய ரொட்டி. உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழந்தை பொம்மை. அது யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அடுத்த கேக் வாங்க வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் கிழக்கில் உள்ள டோங் ஃபுவோங் என்ற வியட்நாமிய பேக்கரியின் கேக்குக்கு வரிசை நீளம்.

வடக்கு லூசியானா?

நாகடிஷ் ஊரின் மீட் பை: சோமாசி வடிவம், உள்ளே மாட்டுக்கறியும் பன்றிக்கறியும். வழியில் நிறுத்திச் சாப்பிடலாம். மற்றபடி அங்கே சமையல் பொதுவான தென்மாநிலப் பாணி.

கடைக்காரர்கள் 'லன்யாப்' என்கிறார்களே?

கொசுறு! அதே பொருள். டஜன் சிப்பி வாங்கினால் பதின்மூன்றாவது ஒன்று. ஸ்பானிய வழியாக வந்த சொல். கடைக்காரர் தரும்போது வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

எந்த மாதம் வரலாம்?

மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை. புனித வெள்ளியன்று எங்கள் தெருவில் முற்றத்துக்கு முற்றம் அண்டா ஏறும், அன்றைக்கு முன்பே சொல்லிவைக்காவிட்டால் மூட்டை கிடைக்காது, விலையும் அதிகம். ஈஸ்டர் கழிந்த அடுத்த வாரம் விலை இறங்கும். கூட்டமாக வருகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள். கிராஃபிஷ் தொட்ட கையை எலுமிச்சை தேய்த்துக் கழுவாமல் கண்ணில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.